வேடம் கட்டி விளையாடுகிறவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் திருமங்கலம் வாசகி ஒருவரின் சிறு கடிதத்தை வெளியிட்டிருந்தோம். படித்து நல்ல வேலையில் இருக்கும் தம் தம்பிக்குப் பூ வைக்க நாள் குறிக்கும் வரை பேசி முடித்திருந்த சம்பந்தம், "மாப்பிள்ளை ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் வேஷம் போட்டு விளையாடுகிறாராம்" என்று யாரோ சொன்ன ஒரு சொல்லால் நின்றுபோனது என்பதே அதன் சாரம். அதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் பலர் எழுதியிருக்கிறீர்கள். இணையத்தில் பலரோடு சேர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக வேடம் ஏற்று ஆடும் ரோல் பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றியும், அவற்றை ஆடுபவர்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்க நேரும் பேச்சுகளைப் பற்றியுமே எல்லாக் கடிதங்களும் இருப்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுதிய எல்லோருமே கேட்டுக்கொண்டிருப்பதால் ஊர்ப் பெயரை மட்டும் தருகிறேன். ஒரு குற்றமும் செய்யாதவர்கள் பெயரை மறைத்துக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தத்தோடுதான் எழுதத் தொடங்குகிறேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, என் கடிதத்தை வெளியிட்டதற்கு நன்றி. தம்பிக்கு இப்போது 29 வயது. ஒரு ரூபாய்கூடப் பணம் வைத்து ஆடியதில்லை. ஆனால் "ஆன்லைன் கேம் ஆடுகிறவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது, நாளைக்கு நகையை அடகு வைத்துவிட்டால்?" என்று பெண் வீட்டார் கேட்டார்கள். அடுத்து வரும் இடத்தில் என்ன சொல்லிப் புரிய வைப்பது? விளையாட்டை விட்டுவிட்டான் என்று சொல்லிவிடலாமா? (திருமங்கலம்)

பதில்: நகையை அடகு வைத்துவிடுவானோ என்று கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அம்மா. அந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததன்று. கைப்பேசியில் ரம்மி ஆடிச் சேமிப்பைத் தொலைத்தவர்களையும், கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களையும் தமிழ்நாடு கண்ணெதிரே பார்த்திருக்கிறது. அதனால்தான் 2022 ஜூன் மாதம் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டில் சட்டப்பேரவை சட்டமும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு 2025 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய விளையாட்டுகளை, அவை திறமையால் ஆடப்படுகின்றனவா அதிர்ஷ்டத்தால் ஆடப்படுகின்றனவா என்று பாராமல், நாடு முழுவதும் தடை செய்தது. ஆனால் அதே சட்டம், பந்தயப் பணம் இல்லாத விளையாட்டுகளையும் இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின் விளையாட்டுப் போட்டிகளையும் தனியாகப் பிரித்து வைத்தது. சட்டம் பிரித்துவிட்ட இரண்டை நம் திண்ணைப் பேச்சு இன்னும் பிரிக்கவில்லை. உங்கள் தம்பிக்கு வந்த தலைக்குனிவின் பாதி, வேறு எவரோ எங்கோ ரம்மியில் தோற்ற பணத்துக்கான வட்டி என்றே நான் நினைக்கிறேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி கைப்பேசி விளையாட்டு தடை செய்யப்பட்டபோது, பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதற்காகவே அரசு அதைத் தடுத்தது என்று பலரும் புரிந்துகொண்டார்கள். உண்மையில் நாட்டின் பாதுகாப்பையும், பயன்படுத்துவோரின் தகவல்கள் வெளியே போவதையும் காரணம் காட்டி ஒரே ஆணையில் தடை செய்யப்பட்ட 118 செயலிகளில் அதுவும் ஒன்று. அன்றிலிருந்து, "கேம்" என்ற சொல்லைக் கேட்டாலே "அதைத்தான் கவர்மெண்ட்டே தடை செய்துவிட்டதே" என்று சொல்லும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

உங்கள் தம்பி ஆடுவது இந்த இரண்டும் அல்லாத வேறொரு வகை. அதில் ஒருவர் ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குப் பெயர் வைத்து, மாதக் கணக்காக, சில வேளைகளில் ஆண்டுக் கணக்காக வளர்த்து எடுக்கிறார். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆட வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு முன்னோடி. 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்டு பார்ட்டில் என்ற இரு மாணவர்கள், படமே இல்லாமல் வெறும் எழுத்தாலேயே பலர் ஒரே உலகத்துக்குள் நுழைந்து ஆடும் விளையாட்டைக் கணினியில் உருவாக்கினார்கள். 2004 நவம்பரில் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராப்ட்' விளையாட்டுக்கு 2010-இல் உலகம் முழுவதும் 1 கோடியே 20 லட்சம் பேர் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்று முளைத்த கேடு என்று பெண் வீட்டார் நினைத்தால், அதன் வயது அரை நூற்றாண்டு என்று சொல்லுங்கள்.

அவர்கள் முகம் சுளித்ததற்கு உண்மையான காரணம் "ராத்திரி முழுக்க" என்ற சொல்லாகத்தான் இருக்கும். இரவில் விழித்திருப்பவன் தப்பான வழியில் போகிறவன் என்பது நம் வீடுகளில் எழுதாத விதி. ஆனால் அந்த நேரத்தைக் குறிப்பது உங்கள் தம்பி அல்லர். பாரிஸிலோ பெர்லினிலோ இருக்கும் கூட்டாளிகள் வேலை முடிந்து சாப்பிட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால், குளிர்காலத்தில் நமக்கு மணி நள்ளிரவு 12.30, அங்கே கோடையென்றால் 11.30. பழைய வார்கிராப்டில் பெரிய அரக்கனை வீழ்த்தும் ஒரு 'ரெய்டு'க்கு 40 பேர் வரை ஒரே நேரத்தில் சேர வேண்டியிருந்தது. இன்று விளையாட்டுக்கு ஏற்ப எட்டுப் பேரோ இருபது பேரோ சேருகிறார்கள். அடியை முன்னே நின்று தாங்குபவர் 'டேங்க்', காயத்தை ஆற்றுபவர் 'ஹீலர்', மற்றவர்கள் தாக்குபவர்கள். நடுவில் ஒருவர் எழுந்து போனால் மொத்தக் குழுவும் விழும். அம்மா "சாப்பிட வாடா" என்று கூப்பிட்டும் பிள்ளை எழுந்து வராததற்குத் திமிர் காரணமில்லை. நிறுத்தி வைக்கிற பொத்தான் இந்த விளையாட்டில் கிடையாது என்பதே காரணம். அதை அவர் வீட்டில் ஒருமுறையாவது பொறுமையாக உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது அவர் பக்கத்துத் தவறு.

விட்டுவிட்டான் என்று பொய் சொல்லாதீர்கள். திருமணமான மூன்றாம் மாதம் அந்தப் பொய் வெளிவரும்போது, விளையாட்டைப் பற்றிய சந்தேகம் மனிதரைப் பற்றிய சந்தேகமாக வளர்ந்துவிடும். வாரத்தில் எந்தெந்த இரவுகள், எத்தனை மணி வரை, மாதம் எவ்வளவு செலவு என்ற மூன்றையும் தம்பியே பெண்ணிடம் நேரில் சொல்லட்டும். அதே வேளையில் அவரிடமும் ஒன்றைச் சொல்லுங்கள்: வாரத்தில் ஐந்து இரவுகள் ரெய்டுக்குப் போகிற ஒருவரால் குடும்பத்தையும் நடத்த முடியாது. இரண்டு இரவுகள் என்று வருங்கால மனைவியோடு பேசி வைத்துக்கொள்வது நியாயம். கிரிக்கெட் பார்க்கிறவருக்கும், ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பயிற்சி கொடுக்கிறவருக்கும் கேட்கிற அதே கணக்குத்தான் இது. அவர்களைக் கேட்கும்போது மட்டும் நம் குரலில் இகழ்ச்சி இருப்பதில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். வளர்ந்த ஓர் ஆண், தன்னை மந்திரவாதியாகவோ போர்வீரனாகவோ நினைத்துக்கொண்டு, அந்தப் பெயரிலேயே பிறரோடு உரையாடுவது மனப்பிறழ்வின் தொடக்கம் அல்லவா? கழுதை வயதான பிறகு இது என்ன விளையாட்டு? (மேலூர்)

பதில்: ஐயா, நீங்கள் மேலூர்க்காரர், சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்கு வரும் கோலம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெருமாள் கள்ளர் வேடம் பூண்டு, கொண்டையும் நேரிக்கம்புமாகப் புறப்படுகிறார். வழியெங்கும் கருப்பசாமியாக வேடமிட்டுத் தோல்பையில் நீர் நிரப்பிப் பீய்ச்சும் அடியவர்களில் கடைக்காரர் உண்டு, லாரி ஓட்டுநர் உண்டு, உங்களைப் போல அரசு வேலையில் இருந்தவர்களும் உண்டு. ஆற்றில் இறங்கிய பின் ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரக் காட்சி நடக்கிறது. மறுநாள் வேடம் கலைத்துக் கடையைத் திறக்கிறவரை மனப்பிறழ்வுக்காரர் என்று எவரும் சொல்வதில்லை. வழிபாட்டையும் விளையாட்டையும் ஒன்றாக்கிப் பேசுவது என் நோக்கமன்று. இரண்டின் இடமும் வேறு. வேறொருவராக ஒரு பொழுது இருந்துவிட்டுத் தானாகத் திரும்பி வருவது மனித மனத்துக்கு இயல்பாகவே கைவந்த செயல், அதற்கு நோய் என்று பெயரில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன். கணினி உலகில் ஆடுபவரின் உருவத்துக்கு 'அவதார்' என்ற பெயர் பரவியதும் நம் அவதாரம் என்ற சொல்லிலிருந்துதான். 1986-இல் அமெரிக்காவில் சோதனைக்கு வந்த 'ஹாபிடாட்' என்ற விளையாட்டு அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது.

வேடம் கட்டுகிறவர்களை இகழ்வதும் நம் ஊருக்குப் புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யைத் தொடங்கிய காலத்தில், மேடையேறுகிறவனுக்குத் தெரு வைத்த பெயர் 'கூத்தாடி'. அப்படிப்பட்டவனுக்குப் பெண் கொடுக்கவும் வீடு வாடகைக்கு விடவும் தயங்கினார்கள். இன்று அதே சுவாமிகளைத் தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் என்று போற்றுகிறோம். இடையில் மாறியது நாடகம் அன்று, பார்த்தவர்களின் கண்.

நோயைப் பற்றி நீங்கள் கேட்டது பொறுப்புள்ள கேள்வி. அதற்கு ஊகத்தால் அல்லாமல் மருத்துவ அளவுகோலாலேயே விடை சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'விளையாட்டுச் சீர்கேடு' என்ற ஒன்று இடம்பெற்றுள்ளது. ஆடுவதைத் தன் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமை, வாழ்வின் மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் தருதல், கேடு நேர்வதைக் கண்டும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, குடும்பமோ படிப்போ வேலையோ கண்கூடாகச் சிதையும் அளவுக்குப் போய், பொதுவாக 12 மாதங்களாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். வேடம் போடுவது அந்த அளவுகோலில் எங்கும் இல்லை, வயதும் இல்லை, இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் இல்லை. விளையாடுகிறவர்களில் சிறு பகுதியினரையே இது தாக்குகிறது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. காலையில் வேலைக்குப் போய், மாதம் பிறந்தால் வீட்டுக்குப் பணம் கொடுத்து, இரவில் ஒரு மந்திரவாதியாக இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் தூங்கப் போகிற முப்பத்தைந்து வயதுக்காரருக்கு நீங்களும் நானும் நோயாளி என்று பெயர் சூட்ட முடியாது, ஐயா.

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவன். ஒரு விளையாட்டில் என் கேரக்டருக்காக நான் எழுதி வைத்திருந்த கதையை ஆசிரியர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து எல்லோரும் என்னை அந்தப் பெயர் சொல்லியே கேலி செய்கிறார்கள். (செல்லூர்)

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். பல ஆண்டுகளுக்கு முன், பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து ஆடிவந்த ஒரு மாணவனின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு கற்பனை நாட்டின் வரைபடம் இருந்ததைக் கண்டேன். மலை, ஆறு, கோட்டை, சந்தை, ஒவ்வொன்றுக்கும் பெயர், பெயருக்குக் கீழே குட்டி எழுத்தில் குறிப்பு. அதை உயர்த்திப் பிடித்து வகுப்புக்குக் காட்டி, "இந்த நாட்டுக்கு ராஜா யாரப்பா?" என்று கேட்டது நான்தான். நாற்பது பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த ஆண்டு முடியும் வரை அவன் என் வகுப்பில் ஒரு கேள்விக்கும் கை தூக்கவில்லை. வரைபடம் வரையத் தெரிந்த, பெயர் வைக்கத் தெரிந்த ஒரு பிள்ளையின் கையை நான் கட்டிப்போட்டேன். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாததால், அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உன்னிடம் கேட்கிறேன்.

எழுதுவதை விடாதே. தேர்வு முடியும் வரை ஆடும் நேரத்தைக் குறைத்துக்கொள். அது வேறு விஷயம், அதில் உன் அம்மா சொல்வதே சரி. உன் ஆசிரியரிடம் தனியே போய், "எனக்கு அவமானமாக இருந்தது ஐயா" என்று ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொல். என்னிடம் அன்று அந்தப் பையன் சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன் என்றே நம்புகிறேன்.

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கிறேன், 34 வயது. கல்லூரிக் காலம் முதல் ஆடி வருகிறேன். எங்கள் கில்டில், அதாவது எப்போதும் சேர்ந்து ஆடும் குழுவில், ஆறு ஆண்டுகளாக ஹீலராக இருக்கிறேன். ஆனால் ஆண் பெயரில் ஆண் பாத்திரமாகத்தான். மைக்கில் ஒரு நாளும் பேசியதில்லை. வீட்டிலோ, மாமியாருக்குத் தெரியாமல் அலுவலக வேலை என்று சொல்லி ஆடுகிறேன். இரண்டு பக்கமும் ஒளிந்து வாழ்வது அலுப்பாக இருக்கிறது. (அண்ணா நகர், மதுரை)

பதில்: சகோதரி, நீங்கள் ஒளிகிற இரண்டு இடங்களுக்கும் காரணம் வேறு வேறு. விளையாட்டுக்குள் பெண் குரல் கேட்டவுடன் சிலர் வழிவதும் வைவதும் உலகம் முழுவதும் உள்ள கேடு. அதிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஆண் பெயர் சூடுவதில் எந்தப் பொய்யும் இல்லை, அதுவும் வேடங்களில் ஒன்று. ஆறு ஆண்டுகள் ஒரு கில்டில் இருந்திருக்கிறீர்கள். அதன் தலைவரிடம் மட்டும் முதலில் சொல்லிப் பாருங்கள். அவர் நடந்துகொள்வதைப் பார்த்து மற்றதை முடிவு செய்யலாம். எவர் கேட்டாலும் படமும் ஊரும் கைப்பேசி எண்ணும் தராதீர்கள்.

வீட்டுக் காரணம் கனமானது. ஆண்பிள்ளை ஆடினால் 'வெட்டிப்பயல்' என்பதோடு முடிகிறது. பெண் ஆடினால் 'இரவில் யாரோடு பேசுகிறாள்' என்று தொடங்குகிறார்கள். சம்பாதிக்கிற பெண்ணின் ஓய்வு நேரத்துக்குக்கூட நம் வீடுகளில் கணக்குக் கேட்கப்படுகிறது. தொலைக்காட்சித் தொடர் பார்த்தால் கேட்கப்படுவதில்லை. உங்கள் கணவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாதென்றால் அவரிடமிருந்தே தொடங்குங்கள். ஒரு மாலை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு ரெய்டில் பத்துப் பேருக்கு எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்று காட்டும் கோடுகளை ஒரே நேரத்தில் கண்காணித்து யாருக்கு முதலில் மருந்து என்று நொடியில் நீங்கள் முடிவு செய்வதைப் பார்க்க விடுங்கள். மாமியாரிடம் அவர் பேசட்டும்.

கேள்வி: மற்றவர்கள் வீண்பழி என்று எழுதுவார்கள். என் நிலை அப்படியல்ல. ஒன்றரை ஆண்டாக வேலைக்குப் போகவில்லை. குளிப்பதற்குக்கூட எழ மனம் வரவில்லை. விளையாட்டில் ஒரு அரிய ஆயுதம் கிடைக்கும் வரை திரும்பத் திரும்பப் பணம் கட்டி அண்ணனிடம் கடன் பட்டிருக்கிறேன். வெளியே சொன்னால் "அப்பவே சொன்னோமே" என்பார்கள் என்று சொல்லவில்லை. (வாடிப்பட்டி)

பதில்: இந்த இதழில் மிக நேர்மையான கடிதம் உங்களுடையது. மேலூர் ஐயாவுக்கு எழுதிய மூன்று அடையாளங்களையும் ஒருமுறை படியுங்கள். நீங்களே அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். இது ஒழுக்கக்கேடு அல்ல, சிகிச்சை உள்ள நிலை. பல நேரங்களில் இதற்கு அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும். விளையாட்டு அதை மறைக்கும் போர்வையாக இருந்திருக்கலாம். அதைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை, நான் இங்கிருந்து சொல்லக்கூடாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே கிளம்ப மனம் வராவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தில் இதற்கென்றே 2014 முதல் தனிச் சேவை ஒன்று நடந்து வருகிறது. பணம் கட்டும் வழியை அண்ணனிடம் சொல்லி இன்றே அடைத்துவிடுங்கள். அதிர்ஷ்டச் சீட்டுப் போலப் பொருளை விற்கிற விளையாட்டுகளைப் பொறுத்தவரை நான் எந்தப் பரிவும் காட்டத் தயாரில்லை. மனிதரின் ஏக்கத்தைக் கணக்குப் போட்டே அந்த விற்பனையை அமைக்கிறார்கள்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. "அப்பவே சொன்னோமே" என்ற சொல்லுக்குப் பயந்துதான் உங்கள் தம்பி ஒன்றரை ஆண்டு வாய் திறக்கவில்லை. அந்தச் சொல்லை அவருக்கு முன்னால் சொல்லாமல் இருங்கள், வீட்டில் மற்றவர்களையும் சொல்ல விடாதீர்கள்.

கேள்வி: அம்மா, என் மகனுக்கு இருபத்திரண்டு வயது. தசை நோயால் பன்னிரண்டு வயதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறான். நாள் முழுக்கக் கணினியில் ஏதோ ஓர் உலகத்தில் இருக்கிறான். "ஏற்கெனவே கடவுள் இப்படி வைத்துவிட்டார், போதாக்குறைக்கு இந்தக் கிறுக்கு வேறா" என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். அவனுக்கு நண்பர்களே இல்லையே என்று எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கணினியை எடுத்துவிடலாமா? (உசிலம்பட்டி)

பதில்: எடுக்காதீர்கள் அம்மா. ஏன் என்று சொல்ல, நார்வே நாட்டில் உங்களைப் போலவே நெஞ்சு அடைத்து நின்ற ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் 1989-இல் பிறந்தவர். டுஷென் என்ற தசைச் சிதைவு நோய். உடல் ஒவ்வொரு பகுதியாகக் கைவிட, கடைசி ஆண்டுகளில் விரல்களின் சிறு அசைவு மட்டுமே மிஞ்சியது. கடைசிப் பத்தாண்டுகளில் பெரும்பாலான நேரத்தை வார்கிராப்ட் விளையாட்டில் கழித்தார். மகனுக்கு நட்பு இல்லை, காதல் இல்லை, எவருக்கும் பயன்பட வாய்ப்பில்லை என்று பெற்றோர் மனம் நொந்தார்கள். 2014 நவம்பரில், தம் 25-ஆம் வயதில் அவர் இறந்தார்.

அவர் தம் வலைப்பதிவின் கடவுச்சொல்லைப் பெற்றோரிடம் விட்டுச் சென்றிருந்தார். தந்தை ராபர்ட் ஸ்டீன் அதில் மகன் இறந்த செய்தியைப் பதிந்து, கீழே தம் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார். எவரும் எழுதுவார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. பல நாடுகளிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. அந்த விளையாட்டில் 'ஐபெலின்' என்ற பெயரில் நடமாடிய அவர், 'ஸ்டார்லைட்' என்ற கில்டைச் சேர்ந்தவர். பாத்திரத்தை உண்மையாக ஏற்று உரையாடி ஆடுவதையே முதன்மையாகக் கொண்ட குழு அது. அங்கே பலருக்கும் மனம் விட்டுப் பேசத் துணையாக இருந்திருக்கிறார். சோர்ந்தவர்களுக்குத் தெம்பு சொல்லியிருக்கிறார். தன் பிள்ளையோடு பேச வழி தெரியாமல் தவித்த ஒரு தாய்க்கு வழி காட்டியிருக்கிறார். அவர்களில் பெரும்பாலோருக்கு அவர் நாற்காலியில் இருப்பவர் என்பது நெடுங்காலம் தெரியாது. தெரியாததால்தான் அவர்கள் அவரிடம் இரக்கப்படாமல் பழகினார்கள். அந்த விளையாட்டில் மட்டும் அவர் காலையில் எழுந்து ஓட்டப்பயிற்சிக்குப் போகிற மனிதராக இருந்தார். இறுதிச் சடங்குக்கு, அதுவரை அவர் முகத்தை நேரில் கண்டிராத கில்டு நண்பர்கள் சிலர் வேறு நாடுகளிலிருந்து வந்து நின்றார்கள்.

எல்லோருக்கும் இப்படி அமைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகன் யாரோடு பேசுகிறார், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துகிறது. நண்பர்களே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவனிடம் கேட்டுவிட்டு எழுதினீர்களா? அந்தத் தந்தைக்குத் தம் மகனின் நண்பர்கள் பெயர் தெரிய வந்தது மகன் போன பிறகு. நீங்கள் அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர்களுக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம், அவர்கள் பேசிவிட்டுப் போகட்டும்.

இன்று மாலை அவனுக்குக் காப்பி கொண்டுபோகும்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். திரையில் அவன் எந்த உருவம் என்று கேளுங்கள். அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறான், ஏன் அந்தப் பெயர் என்று கேளுங்கள். பக்கத்தில் நிற்கிற இன்னொரு உருவத்தைக் காட்டி, "இது யாருப்பா, எந்த ஊரு?" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணினி தெரியாதென்றால் பால் கணக்கு எழுதுகிற நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, அவன் சொல்லுகிற பெயர்களைத் தமிழிலேயே எழுதி வையுங்கள். அடுத்த கடிதத்தில் அந்தப் பக்கத்தில் எத்தனை பெயர் சேர்ந்தது என்று எனக்குத் தெரிவியுங்கள்.